பால் வடியும் நேரத்தில் ஒரு கட்டுரை

பேனாப் பையைத் திறந்ததும் ஒட்டுப்பால் நாற்றம் முகத்தில் அடித்தது. இன்று தேர்வுக்குக் கொண்டுபோன பேனா. திரும்பும் வழியில் மழையில் நனைந்துவிட்டதால் நாற்றம் வழக்கத்தைவிடக் கூடுதல். நீ சுற்றித் தந்த நாடா இன்னும் அதில் இருக்கிறது. ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து கிடந்த பாலை நீளமாக உரித்துப் பேனாவின் கழுத்தில் சுற்றி, "இனி விரலு நோவுதுன்னு சொல்லப்பிடாது, கேட்டியா" என்று என் கையில் திணித்தாய். யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றம் அது. எனக்குப் பையை மூட மனம் வரவில்லை.

தேர்வறையில் நடந்ததை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த புதிதில் ஒருநாள் மழை பிடித்தது. வயல்காட்டில் வளர்ந்தவள் நான். மழை என்றால் எங்கள் பக்கத்தில் முகம் மலரும். முற்றத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த என்னை, பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு கையிலும் வாளியோடு ஓடிவந்த நீ பார்த்த பார்வை! "சிரிச்சிட்டு நிக்கியா? வந்து பிடி ஏட்டி!" அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் வடிந்திருக்கும் பாலில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய பாடு மண்ணாகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் அப்பா போனபிறகு அந்த மரங்களின் பட்டையைக் கீறி நீதான் பால் வெட்டிக்கொண்டிருந்தாய், பட்டப்படிப்பு முடித்துவிட்டு.

அரசுத் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கலாம் என்று முடிவானதும் நேரம்தான் கிடைக்கவில்லை. வழி கண்டுபிடித்தவள் நீ. விடியுமுன் பால் வெட்டி முடித்தால், வடிந்து தீரும்வரை மரத்தில் வேறு வேலை இல்லை. அந்த இடைவெளியில், பாலை உறையவைத்து ஷீட் அடிக்கும் கொட்டகையில், ஆசிட் வாடைக்கு நடுவில், பழைய பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டுரை. கடிகாரம் பார்க்கக் கூடாது. பால் நின்றால் பேனாவும் நிற்க வேண்டும். மழை வந்தால் எந்த வரியில் இருக்கிறோமோ அந்த வரியில் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

எத்தனை காலை அப்படி ஓடியிருக்கிறோம்! திரும்பிவந்து தலை துவட்டும்போது உன் தாளில் கட்டுரை ஏறக்குறைய முடிந்திருக்கும். என் தாளில் உலகம் தோன்றி, மனிதன் தோன்றி, அவன் நெருப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பான். "ஏட்டி, நீ இன்னும் முன்னுரையிலயா நிக்க?" என்று கேட்பாய். எனக்குச் சுள்ளென்று வரும். உன் கட்டுரையில் புள்ளிவிவரம் ஒன்றாவது இருக்கிறதா என்று பதிலுக்குக் குத்துவேன். இருக்காது. அதற்கு நான் சொல்லித்தந்தவற்றை மட்டும் முணுமுணுப்பில்லாமல் எழுதிக்கொள்வாய்.

ஒருநாள் பாலெடுக்கப் போகையில் கேட்டேன், கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தை விட்டுவிட்டு எதற்கு மேட்டின் உச்சிக்கு ஏறி அங்கிருந்து தொடங்குகிறாய் என்று. நீ நடையை நிறுத்தாமலே சொன்னாய்: "வாளி கனக்கக் கனக்க வீடு பக்கத்தில வரணும். கட்டுரைக்கும் அதுதான் மக்கா. எங்க போய்ச் சேரணும்னு தெரியாம ஏன் ஏறுக?" அன்றுமுதல் முடிவுரையை ஒரு வரியில் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. கொட்டகையில் செய்தேன். தேர்வறைக்குள் போனால் பதற்றத்தில் மறந்துவிடுவேன். போன முறை அப்படித்தான் கோட்டைவிட்டேன்.

இந்த முறை முதல்நிலைத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம். களியக்காவிளைக் கணினிக் கடையொன்றில் அடுத்தடுத்து உட்கார்ந்து முதன்மைத் தேர்வுக்கு விண்ணப்பித்தோம். அடுத்து வந்தது உனக்கு எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று நீயே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பால் வெட்டப் போனாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிவிட்டது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் சண்டை போடுகிறவர் அல்ல. இந்த ஒரு தடவை எழுது, கிடைக்கவில்லையென்றால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். நானும் சரி என்றேன். ஆகவே இன்று தவறினால் இனி தேர்வும் இல்லை, இந்த ஊரும் இல்லை.

அந்த நினைப்போடு அறைக்குள் நுழைந்தால், எனக்கு முன்னிருக்கையில் உன் எண். அடுத்தடுத்து விண்ணப்பித்ததன் பலன். கண்காணிப்பாளர் வந்து, முன்னால் உள்ள ஆள் வரவில்லையா என்று என்னிடம் கேட்டார். "வரமாட்டா சார்" என்றேன். அவர் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். என் பேனாவின் நாடாதான் அவருக்கு உறுத்தியது. வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே துண்டுச்சீட்டு ஏதும் இருக்குமோ என்று சந்தேகம்போல. பேனாவைப் பிடுங்கிவிடுவாரோ என்று நீட்டிய கையை மடக்காமல் இருந்தேன். மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்து, "ஒட்டுப்பாலா?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். நம் பக்கத்து மனிதராக இருக்க வேண்டும்.

சின்ன வினாக்களை ஒப்பேற்றிவிட்டேன். மதிப்பெண் அதிகமுள்ள கட்டுரையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மாறிவரும் பருவமழையும் உழவர் வாழ்வும் என்பது தலைப்பு. மனப்பாடம் செய்த முன்னுரை கைவசம் இருந்த மகிழ்ச்சியில் கடகடவென்று தொடங்கினேன். பனிப்பாறை உருகியது, கடல் உயர்ந்தது, உலக நாடுகள் கூடிப் பேசின. தாளைத் திருப்பினேன், அவை இன்னும் பேசிக்கொண்டிருந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் ஓடியிருந்தது. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது தகரக் கூரையில் மழை இறங்கியது.

நான் எழுந்துவிட்டேன். உண்மையாகவே, பேனாவைப் போட்டுவிட்டு, பெஞ்சை விட்டு ஒரு கால் வெளியே வைத்துவிட்டேன். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. என்ன வேண்டும் என்று கண்காணிப்பாளர் கேட்டார். ஓடுவதற்கு எனக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டியவளின் இருக்கை காலியாகக் கிடந்தது. உட்கார்ந்தேன். போட்ட பேனாவை எடுத்தேன். முன்னுரை முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். கடைசிப் பக்கத்துக்குப் போய் ஒரு வரி எழுதினேன்: 'ஒரே மழை வயலுக்கு வரவு, ரப்பருக்கு இழப்பு; ஆகவே நிவாரணத்தை மண்ணுக்கு மண் வேறாக அளக்க வேண்டும்.'

பிறகு உச்சியில் உள்ள மரத்திலிருந்து தொடங்கினேன். காலம் தப்பிய மழையால் பால் வெட்ட முடியாத காலைகளை எழுதினேன். அங்கிருந்து என் பிறந்த ஊர் வயலுக்கு இறங்கினேன். நடவுக்கு உயிர் கொடுத்த மழையையும், காலம் தப்பி வந்து அறுக்கும் நேரத்தில் கதிரை முளைவிட வைத்த மழையையும் எழுதினேன். பயிர்க் காப்பீடு, வானிலை அறிவிப்பு, அரசின் திட்டங்கள் எல்லாம் வழியில் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பத்தியிலும் முடிவு பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. மணி அடித்தபோது பேனா அந்தக் கடைசி வரியின் முற்றுப்புள்ளியில் நின்றது.

பேருந்தை விட்டு இறங்கி நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். இப்போது பால் வெட்டுவது உன் அம்மா. கொட்டகையில் ஈரப் புடவையோடு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேட்டில் உள்ளதை எடுத்துவிட்டாளாம், கீழே நின்ற சில மரங்களை மழை முந்திக்கொண்டதாம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சியா மக்கா?"

"முடிச்சேம்மா."

"அவளுக்கு உள்ளதும் சேத்தா எழுதின?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதன்பிறகு இரண்டு பேரும் கொஞ்சநேரம் அழுதோம்.

முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை நான் இங்கேதான். நாளை மழை இல்லையென்றால் உன் அம்மாவோடு பாலெடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உச்சியிலிருந்து தொடங்குவோம். வாளியை நான் பிடித்துக்கொள்கிறேன்.