மூன்றாம் வகுப்பின் நாற்காலிக் கால்கள்

ஸ்ஃபாக்ஸ்,
12 அக்டோபர் 1998

அன்புள்ள ஹாதி அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலம்தானே? அண்ணி கொடுத்தனுப்பிய ஹரிஸா மிளகாய் விழுதின் காரம் இன்னும் நாக்கில் எரிகிறது. அதற்குள் தீரப்போகிறதே என்ற கவலை வேறு.

தலைமையாசிரியர் என்ற மிடுக்கை விட்டு, உன் பள்ளியில் நான் அடித்த கூத்தை அனுமதித்தாயே, நன்றி. மஹ்தியா ஓட்டல்காரர்கள் வீசியெறியும் பழைய டென்னிஸ் பந்துகளைக் கேட்டு வாங்கி, கீறி, மூன்றாம் வகுப்பின் முப்பது நாற்காலிகளுக்கும் காலுக்கு ஒன்றாக மாட்டிவிட்டேன். கை கொப்புளித்துவிட்டது. ஆனால் இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிடுவது நின்றதும், காதுக்கருவி போட்ட நம் இப்திஸாம், "டீச்சர், இன்னைக்கு சார் குரல் மட்டும் தனியா வருது!" என்றாள். எட்டு வயதில் முதல்முறையாக, சொல்வதெழுதலில் ஒரு பிழைகூட இல்லை.

அவளை முன்வரிசையிலேயே வைத்திரு. கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்.

உன் செல்லத் தங்கை,
ரவ்தா


மஹ்தியா,
9 நவம்பர் 1998

அன்புத் தங்கை ரவ்தாவுக்கு,

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறாய், வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை. உன் அண்ணிக்கு மனத்தாங்கல்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன வாரம் ஆய்வாளர் வந்தார். அந்த அழுக்குப் பந்துகளோடு வகுப்பைக் காட்ட முடியுமா? காவலாளியிடம் சொல்லிக் கழற்றி எரித்துவிட்டேன். இப்திஸாமின் கருவி வேறு கீச்கீச்சென்று கத்துகிறது. அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். ஆய்வாளருக்குப் பரம திருப்தி. காதுகேளாத பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் முன்மாதிரிப் பள்ளியாக நம்மைப் பரிந்துரைக்கிறாராம். ஆதரவு ஆசிரியை என்ற முறையில் உன் அறிக்கை ஒன்றுதான் பாக்கி. உனக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் போதும்.

ஜனவரியில் நம் சிஹாமுக்கு நிச்சயதார்த்தம். அத்தை நீ இல்லாமல் நடக்குமா?

பாசமுள்ள அண்ணன்,
ஹாதி


ஸ்ஃபாக்ஸ்,
21 நவம்பர் 1998

ஹாதி அண்ணாவுக்கு,

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனபோது இப்திஸாமின் கருவி பென்சில் டப்பாவில் கிடந்தது.

"ஏம்மா கழட்டிட்ட?"

"எல்லாரும் எந்திரிச்சா தலைக்குள்ள இரும்பு கடிக்குது டீச்சர்."

அப்போதுதான் நீ வாசலில் வந்து நின்று சிரித்தாய். "விடு ரவ்தா, செவிட்டுக்கு முன்வரிசை என்ன, பின்வரிசை என்ன!" கேட்காது என்ற தைரியம். அவள் உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ போனதும், "என்னையா சொன்னாரு?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். உன் மானத்தைக் காக்க ஒரு குழந்தையிடம் பொய் சொன்னேன். ஊர் திரும்பும்வரை பேருந்தில் அருவருப்பாகவே இருந்தது. உன்னை நினைத்தும், என்னை நினைத்தும்.

அந்தக் கருவி கீச்சிட்டது ஏன் தெரியுமா? பிள்ளை வளர்ந்துவிட்டாள், காதில் பொருத்தும் அச்சு சிறிதாகி ஒலி கசிகிறது. ஒரு வரி எழுதியிருந்தால் மாற்றியிருப்பேன்.

நீ எழுதிய அறிக்கையைப் படித்தேன். "மாணவி பின்வரிசையிலும் தெளிவாகக் கேட்கிறாள்." அந்தத் தாளைத் தொட்ட கையை இரண்டு தடவை கழுவினேன். நடந்ததையெல்லாம் என் கைப்பட எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று.

நேற்று மறுபடி போனேன். "அவரு உன்னைத்தான் சொன்னாரு. நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். இல்லைன்னு சொல்றப்ப உங்க வாய் கோணிக்கிச்சு."

சிஹாமுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் வரவில்லை.

இப்படிக்கு,
ரவ்தா
காதுகேளாதோர் ஆதரவு ஆசிரியை