மூழ்கிய வண்டியும் தொட்டிக்குள் போன சாவியும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வீட்டுத் தரை காய்ந்துவிட்டது, என் முழங்கால் வலியும் என்னை விட்டுப் பிரியாமல் சௌக்கியமாக இருக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பதாக எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. போன் இருக்க கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று துணி மடிக்கிறாள், ஒரே துண்டை எத்தனை தடவைதான் மடிப்பாள் சொல்லு. அதுவும் போக, தபால் ஆபீசில் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியே தேய்ந்த கை இது, ஓய்வு பெற்ற பிறகாவது சொந்தமாக ஒரு கடிதம் எழுதக்கூடாதா.

மழைத் தண்ணீர் தெருவுக்குள் வந்து நம் பிக்கப் வண்டி பானெட் வரைக்கும் முங்கிக் கிடந்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ அம்மாவிடம், அந்தப் பழைய இரும்பைப் போட்டுட்டு வேற வாங்கிக்கங்கம்மா என்று சொன்னாய் பார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா, ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்கப்புறம் நீ எப்போது கூப்பிட்டாலும், எனக்கு வேலை இருக்கு, நீங்களே பேசுங்க என்று நழுவுகிறாள் அல்லவா, காரணம் அதுதான். நர்சரி தொடங்கிய நாளிலிருந்து செடிகளை ஏற்றி ஊரெல்லாம் ஓட்டிய வண்டி, உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லித் தந்த வண்டி, நீ நம் வீட்டு கேட்டையே இடித்துத் தள்ளிய வண்டி. தண்ணீர் வடிந்ததும் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எழுந்திரிக்கலைன்னா நர்சரியையும் மூடிடறேன், தலையில சுமந்துகிட்டா செடி விக்க முடியும் என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லையம்மா. மண்ணும் கையுமாக இல்லாத உன் அம்மாவை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் எனக்குத் தைரியம் கிடையாது.

வெளியூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உன் மாமாவைத்தான் கூப்பிட்டேன். ரோடு திறந்ததும் வரேன் மச்சான், அதுவரைக்கும் பேட்டரி ஒயரைக் கழட்டிடுங்க, சாவியை மட்டும் அக்கா கண்ணுல காட்டாதீங்க, உள்ள தண்ணி நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணினா உள்ள கம்பியெல்லாம் வளைஞ்சு இன்ஜின் போயிடும் என்றான். உன் அம்மாவின் கை எப்படிப்பட்ட கை என்று தம்பிக்குத் தெரியாதா. மிக்சி ஓடவில்லை என்றால் ஓடும் வரைக்கும் திருகுகிறவள். அதனால் சாவியை ஒளித்து வைத்தேன். அலமாரியில் வைத்தேன், மனசு கேட்கவில்லை. அரிசி டப்பாவில் போட்டேன், அவள் அரிசி எடுக்கப் போனபோது எனக்கு வியர்த்தது. கடைசியில் நர்சரியில் மேல் தட்டில் குச்சியாகக் காய்ந்து நின்ற ஒரு ரோஜாத் தொட்டியில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டேன். இத்தனை தொட்டியில் யாரும் தொடாத தொட்டி அதுதானே என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமா வந்தான். வேலை ஆரம்பித்தது. நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன், ஸ்பேனர் கேட்டால் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுக்கும் பதவி எனக்கு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தவளை, வாடகைக்குக் குடிவந்தவன் மாதிரி உட்கார்ந்துகொண்டு எங்களை முறைக்கிறது. அடியில் இன்ஜின் ஆயிலைத் திறந்துவிட்டால் கறுப்பாக வரவேண்டியது பால் அதிகமான டீ நிறத்தில் வருகிறது, அவ்வளவும் தண்ணீர் கலந்தது. டீசல் டாங்கையும் காலி செய்தான். பிறகு இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு நீளமான கம்பியை மாட்டி, இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றுக்கா என்றான். உன் அம்மா சுற்ற, அந்த ஓட்டைக்குள் என்னதான் தெரிகிறது என்று நான் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான், சர்ரென்று ஒரு பீச்சல், என் முகம், கண்ணாடி, சட்டை எல்லாம் ஆயிலும் சேறும். நல்லா இருந்த மனுஷன் ஏன் உள்ள எட்டிப் பார்க்கணும் என்று உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெள்ளம் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதற்காக இன்னொரு தடவை குனியலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் உள்ளே ஆயில் விட்டு ஊறவைத்து, புது ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டு, அதையும் திறந்து கொட்டி, மறுபடியும் ஊற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துத் துடைத்து வெயிலில் காயப்போட்டான். ஒயர் முனைகளையெல்லாம் உன் அம்மா நீ விட்டுப்போன தலைமுடி காயவைக்கும் மிஷினால் காயவைத்தாள். உனக்கு அவள் இவ்வளவு பொறுமையாகத் தலை துவட்டிவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எல்லாம் மாட்டி முடித்து மாமா, சாவியைக் கொடுங்க மச்சான் என்று கையை நீட்டினான். நான் ராஜநடை போட்டு நர்சரிக்குப் போனேன். மேல் தட்டில் அந்தத் தொட்டியைக் காணோம். தொட்டி எங்கே, தொட்டி எங்கே என்று ஒவ்வொரு தட்டாகத் தேடினேன். எந்தத் தொட்டி, எதுக்குத் தேடுறீங்க என்று உன் அம்மா கேட்க, நான் திருதிருவென்று விழிக்க, விஷயம் வெளியே வந்தது. சேறு கழுவ ஒத்தாசைக்கு வந்த தையல்காரம்மாவுக்கு, வேர்ல உசிரு இருக்கு, தண்ணி ஊத்தி வளர்த்துக்கோ என்று அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் மகராசி. சாவி இல்லாவிட்டால் என்ன, ஒயரை வெட்டி முடிச்சுப் போட்டே ஸ்டார்ட் பண்றேன் என்றான் மாமா. என் வண்டியை நானே திருடணுமா என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தத் தவளை வெளியூருக்கே போயிருக்கும். இன்னொரு சாவி மககிட்ட இருக்கே, கேட்கட்டுமா என்றேன். பழைய இரும்புன்னு சொன்னவகிட்ட எதுக்குக் கேட்கணும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல்காரம்மா வீட்டுக்கு ஓடினேன். அந்தப் புண்ணியவதி சொன்ன சொல் தவறாமல் தினமும் தண்ணீர் ஊற்றியதில் குச்சியில் ஒரு துளிர் விட்டிருக்கிறது. வேர் அசைஞ்சுது, உங்களை சும்மா விடமாட்டேன் என்று என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டாள். டீ ஸ்பூனால் தோண்டி எடுத்தேன். வண்டியைக் காயவைத்தோம், சாவியை முக்கி வைத்திருந்தேன்.

உன் அம்மா சாவியை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவசரக்காரி, உடனே திருகுவாள் என்று பார்த்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சும்மாவே இருக்கிறாள். எனக்குப் பயமா இருக்குங்க என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் என் போனை எடுத்து, உன் புது அறையைக் காட்டி நீ அனுப்பினாயே, அந்தப் படத்தை நீட்டினேன். கதவுப் பக்கம் கொக்கியில் உன் அறைச் சாவியோடு என்ன தொங்குகிறது என்று பார் என்றேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நம் வண்டியின் இன்னொரு சாவி, அவள் கட்டிக் கொடுத்த சிவப்பு நூல்கூட அவிழாமல் இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு திருகினாள். முதலில் இருமியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, நின்றுபோனது. டீசல் குழாய்ல காத்து மாட்டியிருக்கு, பயப்படாதக்கா என்று மாமா பம்ப்பில் ஏதோ தளர்த்தி முறுக்கினான். மறுபடி திருகினாள். பிடித்துக்கொண்டதம்மா! தெருவே அதிர்ந்தது, நான் அழுதுவிட்டேன், புகை கண்ணில் பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி ஆயில் மாற்றவேண்டுமாம், சீட்டில் சேற்று நாற்றம் போகவில்லை, ஆனால் நேற்றே செடி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நீ அந்த ஊர்க் குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அம்மா போனுக்கு வந்தால் எதுவும் தெரியாத மாதிரி, வண்டி எப்படிம்மா இருக்கு என்று மட்டும் கேள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். நான் சாவி ஒளித்துவைக்கும் அழகுக்குப் பயந்து, உன்னிடம் இருக்கும் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் கதவுக்குப் பின்னாலிருந்தே, தபால்ல எல்லாம் வேண்டாம், கையில கொண்டு வரச் சொல்லுங்க என்கிறாள். தபால்காரன் நானே சொல்கிறேன், அவள் சொல்வதுதான் சரி.

நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,
ஸ்பூனும் கையுமாகப் பிடிபட்ட உன் அப்பா.