பதினோரு நாள் முப்பத்தொன்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இன்று இருபத்தாறாம் தேதி, காலை எட்டு மணி நிலவரப்படி எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆதாரம், கீழ்வீட்டு டைலரிடம் இரவல் வாங்கிய வெப்பமானி. அதே நேரத்தில் நூலக மொட்டைமாடியில் இருக்கும் காற்று மாசு அளக்கும் கருவி காட்டிய அளவு நாற்பத்து நான்கு. ஆதாரம், அறுபத்தெட்டுப் படி ஏறிப்போய்ப் பார்த்த என் கண். நீ நன்றாக இருப்பதற்கு உன் வாய்ச்சொல்லைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் கிடையாது, அதையும் இருமலை அடக்கிக்கொண்டுதான் சொல்கிறாயோ என்று சந்தேகம். இருந்தாலும் நம்பி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் ஒரு திருத்தம். பதின்மூன்றாம் தேதி எழுதியதில், காற்று எட்டு நாளாக முப்பத்தொன்றிலேயே நிற்கிறது, உன் அறைத் திரையைத் துவைத்து மாட்டிவிட்டேன், கிளம்புகிற வழியைப் பார் என்று சொல்லியிருந்தேன். திரை துவைத்தது உண்மை. முப்பத்தொன்று பொய். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பது எங்கள் பத்திரிகையின் வழக்கம், அதனால் கடிதத்தில் சொன்னதைக் கடிதத்திலேயே மாற்றுகிறேன். முந்தாநாள் போனில் சொல்ல வாயெடுத்தேன், அங்கே வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்று நீ சிரித்த சிரிப்பைக் கேட்டதும் வாய் வரவில்லை. தாள் வந்து சேர நாளாகும் என்பதால், எழுதி முடித்ததும் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். நோய் வந்து ஆலையும் கடையும் மூடியதில் மின்சாரத்துக்கு ஆளில்லாமல் போய், ஆற்றங்கரை அனல்மின் நிலையத்தை நிறுத்தி இன்றோடு அறுபத்திரண்டு நாள். நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கியே பார்க்காத காற்று மூன்று வாரத்தில் பாதிக்கும் கீழே வந்தது. அக்கரைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஏணி இருக்கிறது என்பதே சமையலறை ஜன்னலிலிருந்து இப்போதுதான் எனக்குத் தெரியும். இந்தச் சமயத்தில்தான், பழைய கொதிகலன் இரண்டையும் இனி ஏற்றவே கூடாது, அந்த இடத்தில் சூரிய மின்தகடு போட வேண்டும் என்று ஊர்க்குழு மனுப் போட்டது. குழுவின் செயலாளர் நம் மருந்துக்கடைக்காரம்மா. இந்த ஊர்க் காற்று மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியூர் போன நீயும் உன் மருத்துவரைக் கேட்டுவிட்டு, “ஒரு மாசம் முழுக்க அம்பதுக்குக் கீழ நின்னுச்சுன்னா வந்துடறேம்மா” என்று சொன்னாய். அன்றிலிருந்து நான் வேறு எதையும் எண்ணவில்லை.

வயதானவர்கள் வெளியே போக வேண்டாம் என்று ஆசிரியர் எனக்குக் கொடுத்த வேலை, முதல் பக்கத்தில் தினமும் காற்றின் அளவைப் போடும் பெட்டிச் செய்தி. இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள் நான், அது உனக்கே தெரியும், நீ பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதற்குக்கூட இரண்டாவது சாட்சி கேட்டிருக்கிறேன். இதற்கும் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று காற்றின் அளவு காட்டும் நாற்சந்திப் பலகை, அங்கே நிற்கிற போக்குவரத்துக் காவலர் போனில் படித்துச் சொல்வார். இன்னொன்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து காலையில் வருகிற செய்தி. ஆறாம் தேதியிலிருந்து இரண்டும் முப்பத்தொன்று என்றன. இரண்டுக்கும் எண் வருவது நூலக மாடியில் இருக்கும் ஒரே கருவியிலிருந்து என்பதை நான் யோசிக்கவில்லை. பதினான்காம் தேதி மருத்துவமனைக்குப் பின்னால் கழற்றிப்போட்ட பாதுகாப்பு உடைகளை மலையாய்க் குவித்து எரித்தார்கள், தெரு முனை தெரியவில்லை, ஜன்னலைச் சாத்தி, எரிகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தொன்று என்று எழுதி அனுப்பினேன். மறுநாளும் அதே.

பதினாறாம் தேதி டைலர் மாடிப்படிக்குக் கீழே நின்று, “ஏங்க்கா, முந்தாநாள் அத்தனை பொகையிலயும் முப்பத்தொண்ணுதானா? காலண்டர்கூட தெனம் மாறுது” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். கருவியைப் பராமரிக்கிறவருக்குப் போன் போட்டேன். அவர் மூச்சுத்திணறலோடு பத்து நாளாக மருத்துவமனையில் கிடக்கிறார். காற்றை உறிஞ்சி ஒரு நாடாவில் கறையாகப் பிடித்துத்தான் அந்தக் கருவி அளக்குமாம். “நாடா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்க்கா. முடிஞ்சா கடைசி எண்ணுல நின்னுடும். மேல ஏறிப் பாக்க ஆளில்ல, மன்னிச்சுக்குங்க” என்று விட்டுவிட்டுச் சொன்னார். மன்னிப்பு அவர் கேட்க வேண்டியதில்லை. நான் முதலில் எண்ணைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் அவர் உடம்பைக் கேட்டேன். என் மூக்கும் கண்ணும் சொன்னதை நான் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அது முப்பத்தொன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மனுவின் மீது விசாரணை இருபத்தொன்றாம் தேதி. அது முடியட்டும், அஞ்சு நாளில் ஒன்றும் குடி முழுகிப்போகாது என்றார் ஆசிரியர். தப்பு தெரிந்த பிறகு ஒரு நாள் தள்ளினாலும் அது தப்பு இல்லை, பொய் என்றேன். பதினேழாம் தேதி அதே பெட்டியில் திருத்தம் வந்தது. விசாரணை காணொலியில் நடந்தது, நானும் பார்த்தேன். நிலையத்தின் வக்கீல் நம் பத்திரிகையைக் கேமரா முன்னால் பிடித்து என் திருத்தத்தை வரி விடாமல் படித்தார், இவர்கள் எண்ணை இவர்களே நம்பவில்லை என்று முடித்தார். குழு கொடுத்த கணக்கில் அந்தப் பதினோரு நாளை எடுத்துக்கொள்ள முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார், மற்ற நாள்கள் நிற்கின்றன. “நம்ம கையாலேயே நம்ம கண்ணக் குத்திட்டீங்களேக்கா” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் என் இரத்த அழுத்த மாத்திரையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு அங்கிருந்தே பத்து நிமிடம் ஊர்க்கதை கத்துவார். இப்போது பையை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வருவதற்குள் தெரு காலியாக இருக்கிறது.

வீட்டுக்குள் இரண்டு மாதமாக இன்னொரு ஆள் கால் வைக்கவில்லை. டைலர் முகக்கவசம் தைக்கிற மிஷின் ஓடுகிறவரை வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும், அவர் சாப்பிடப் போனால் நானும் போய்த் தட்டை எடுத்துக்கொள்வேன், தனியாகச் சாப்பிடவில்லை என்று பெயர். உன் அறைத் திரையைக் கழற்றவில்லை. கழற்றினால் ஒரு வேலை ஆகும், ஆனாலும் கழற்றவில்லை.

பதினெட்டாம் தேதி வேறொரு ஆள் நாடா மாற்றினார், நிருபர் அட்டையைக் காட்டி நானும் கூடப் போனேன். அன்று ஐம்பத்தெட்டு. மறுநாள் அறுபத்தொன்று. அப்புறம் மெல்ல இறங்கி, இருபத்துமூன்றாம் தேதி நாற்பத்தொன்பது. தினமும் ஏறி, நாடா ஓடுகிறதா என்று பார்த்த பிறகே எழுதுகிறேன். முட்டி வலிக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நீ செய்ய வேண்டியது: வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசி அந்த வீட்டைக் கையில் வைத்துக்கொள். வெட்கப்படாதே, எங்கம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல், அது உண்மைதானே. இன்ஹேலரைச் சட்டைப்பையில் வை, பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேடாதே. நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நீ நெடுநாள் இருக்க வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் சரி.

இனி தெரிய வேண்டியவை இரண்டு. கருவிக்காரரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பக்கூடும் என்று செவிலியர் சொன்னார், இன்னும் உறுதியில்லை. கொதிகலன்களைப் பற்றிய உத்தரவு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு. ஏற்றலாம் என்று வந்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. ஏற்றக்கூடாது என்று வந்து, காற்றும் இப்படியே நின்றால், ஐம்பதுக்குக் கீழே முப்பதாம் நாள் அதே மாதம் இருபத்தொன்றாம் தேதி. இன்று நான்காம் நாள்.

ஆசிகளுடன்,
அம்மா