அனுப்பம்பட்டில் இறங்காதவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கோவில்பட்டியில் வெயில் எப்படி? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

சென்னை ஆபீஸ் இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று போனில் மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் சிக்னல் இல்லை என்றேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சிரிக்கக் கூடாது.

அன்று லீவு போட்டு, சர்டிபிகேட் ஃபைலோடு மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பழகிய கால், தினமும் கம்பெனிக்குப் போக ஏறும் கும்மிடிப்பூண்டி ரயிலிலேயே ஏறிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு வந்தபோதுதான், சென்னைக்கு எதிர்த்திசையில் போகிறேன் என்று உறைத்தது. இறங்கித் திரும்ப நேரம் இருந்தது. ஆனால் வயல்களில் நின்ற மழைத்தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. ரயில் மேகத்தின் மேல் போவதுபோல் இருந்தது. நான் இறங்கவில்லை, அப்பா.

கம்பெனியில் ஃபிட்டர் ஆசீர்வாதம் அண்ணன், "இன்னாம்மா, லீவுன்னு சொல்லிட்டு புதுத்துணி போட்டுக்கினு வந்து நிக்கிற?" என்றார். ஒரு வாரமாக நான் பிரித்துக் கோத்த பம்ப் அன்றுதான் ஓட வேண்டும்.

"வந்ததே வந்துட்ட, நீயே சுவிட்சப் போடு."

அது ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பருப்புப் பொடி அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், இங்கே போர்வை குத்துகிறது.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். பீரோ கதவில் எனக்காக ஒட்டிய தாளில் 'இருபத்தைந்து வயதில் சென்னை ஆபீஸ்' என்று எழுதினீர்களே, பென்சிலில்தானே எழுதினீர்கள்?

உங்கள்
செண்பகவல்லி