வெளுத்த கயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இருக்கோம். சௌக்கியம்னு ஆரம்பிக்கிறதுதான் முறை, அம்மாவும் அப்படித்தான் எழுதச் சொன்னா, ஆனா மூணு வாரமா நீ என் போனை எடுக்கலை, இதுல என்ன சௌக்கியம் வேண்டியிருக்குன்னு விட்டுட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு பிரஷர் மாத்திரையை ஒண்ணரையா ஆக்கியிருக்காங்க. கடையில பெரிய மெஷின் மறுபடி தடதடன்னு அடிக்குது, ரெண்டு ஹோட்டல்காரங்க வேற சலவைக்கடை பார்த்துப் போயிட்டாங்க, ஆஸ்பத்திரி விரிப்பு மட்டும் குறையாம வருது, சீக்குக்கு என்னைக்குப் பஞ்சம். நீ ஒழுங்கா சாப்பிடு. இருமல் வந்தா ஒரு நாள்கூட பார்த்துக்கலாம்னு இருக்காதே, உனக்கு அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்றேன்.

உன்மேல எனக்குக் கோபம் தீரலை. தீர்ந்த மாதிரி எழுத எனக்கு வராது. நீ குழந்தையா இருந்தப்ப உன்னைத் தூக்கினதைவிட இருபத்தாறு வயசுல தூக்கினதுதான் அதிகம், கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு, பாத்ரூம்லேர்ந்து கட்டிலுக்கு. உன் அம்மா வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. அவ முழங்கால் போனது அங்கதான். அப்படி மீட்டுக் கொண்டு வந்த உடம்பை நீ கொண்டுபோய் மறுபடி பாறையில தொங்கவிடணும்கிறே. வேண்டாம்மான்னு சொன்னதுக்கு, படுத்துக்கிட்டே சாகறதுக்கா என்னைப் பிழைக்க வச்சீங்கன்னு கேட்டே. நீ கேட்ட விதம் இருக்கே, அது இன்னும் உள்ளே கிடந்து அறுக்குது. பெத்த மனம் பித்துன்னு அம்மா சொல்றா. பித்துதான், ஒத்துக்கறேன்.

அந்தப் பித்துலதான் பெரிய டாக்டர் சொன்னதா உன்கிட்ட புளுகினேன். உயரத்துல உன் எலும்பு தாங்காதுன்னு அவர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னதா சொன்னேன். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தானாம், என் புளுகு ஒரு நாள்கூடத் தாங்கலை, நீ நேரா அவருக்கே போன் போட்டுட்டே. உங்க அப்பாவை நான் கடைசியா பார்த்தே ஒரு வருஷம் ஆச்சும்மா, ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, பார்த்து ஏறுங்கன்னு சொல்லிட்டார். அன்னைக்கு நிறுத்தினவதான் நீ என்கூடப் பேச்சை. போன ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவை விட்டு ஒரு விஷயம் சொல்லச் சொன்னேன், அவ கயிறுன்னு ஆரம்பிச்ச உடனே, அப்பா எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காதேம்மான்னு சொல்லி போனை வச்சுட்டே. அந்த விஷயத்தைத்தான் இப்ப எழுதறேன். கிழிச்சுப் போடாம முழுசா படி.

நீ மலை ஏறற கயிறை என்னைப் பத்திரமா வச்சிருக்கச் சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரியில படுத்தே. நான் பத்திரமா வச்சுக்கலை. டிரையர் கெட்டுப்போய் விரிப்பெல்லாம் மாடியில காயப்போட வேண்டியிருந்தப்ப, உன் பையிலேர்ந்து அதை எடுத்து மாடியில நாலு வரிசையா கட்டினேன். ஒண்ணேகால் வருஷம் வெயில்லயும் மழையிலயும் கிடந்தது. ஈர விரிப்பைப் போட்டா நடுவுல தொங்கும், கழி வச்சு முட்டுக்கொடுத்தேன். அப்புறம் நீ எழுந்து நடமாடி, வேலை கிடைச்சு, வெளியூருக்குக் கிளம்பறப்ப கயிறு எங்கப்பான்னு கேட்டே. மாடிக்குப் போய் அவுத்து இறக்கினேன். அழுக்கேறி, கறை பிடிச்சு, பார்த்தாலே துணிக்கொடின்னு தெரியற மாதிரி இருந்தது. நாற்பது வருஷமா கறை எடுத்துப் பிழைக்கிறவன் வேற என்ன செய்வேன். ஹோட்டல் விரிப்புக்குப் போடற வெளுப்பு மருந்துல ராத்திரி முழுக்க ஊற வச்சு, மறுநாள் சூடுதண்ணியில அலசி, நுனி பிரிஞ்சிருந்த முழ நீளத்தை வெட்டிட்டு, வெட்டின இடத்தை இஸ்திரிப்பெட்டியில அழுத்தி உருக்கி மூடினேன். புதுசு மாதிரி வந்துச்சு. அதுல ஓடின நீலக்கோடு மட்டும் கொஞ்சம் மங்கிடுச்சு. நீ அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, நான் வச்சதைவிட நல்லா வச்சிருக்கீங்களேப்பான்னு சொன்னே. நானும் பெருமையா சிரிச்சுக்கிட்டு நின்னேன். வெளுத்ததெல்லாம் பால்னு நீயும் நம்பிட்டே.

தீயணைப்பு நிலையத்துலேர்ந்து வாராவாரம் யூனிஃபார்ம் மூட்டை கொண்டு வருவாரே ஒருத்தர், மீசைக்காரர், அவர்கிட்ட பத்து நாளைக்கு முன்னால பேச்சு வந்தது. என் பொண்ணு மலை ஏறறா, அவ கயிறை நான்தான் வெளுத்துக் கொடுத்தேன்னு பீத்திக்கிட்டேன். எதுல வெளுத்தீங்கன்னு கேட்டார். சொன்னேன். மனுஷன் மூட்டையைக் கீழே வச்சுட்டார். எங்க நிலையத்துல அந்த மருந்து கயிறுமேல தெறிச்சாலே துண்டு துண்டா வெட்டித்தான் குப்பையில போடுவோம், முழுசா போட்டா எவனாவது எடுத்துக் கட்டித் தொங்கிடுவான்னு சொன்னார். பார்க்க நல்லாத்தானே இருக்குன்னேன். அதுதான் ஆபத்து, இற்றது வெளியில தெரியாது, ஒருத்தர் விழற வேகத்துக்குத்தான் தெரியும்னார். அந்த வெட்டின முழத் துண்டு மூட்டை கட்டற இடத்துல கிடந்தது, உள்நூலைப் பிரிச்சு இழுத்துப் பார்த்தேன், இழை இழையா கையோட வருது. அதுல பாதியை இந்தக் கவர்ல வச்சிருக்கேன்.

இதையும் நான் நேத்து ஊற வச்சுத் தயார் பண்ணினதுன்னு நீ நினைக்கலாம். நினைப்பே. புலி வருது புலி வருதுன்னு கத்தினவன் நான்தானே. இத்தனை நாள் ஏறிப் பழகறதுக்குன்னே ஹால்ல கட்டியிருக்கற சுவர்லதான் பழகறேன், அங்கேயே கயிறு கொடுக்கறாங்க, என் கயிறை ஒண்ணாம் தேதிதான் மலையில வெளியில எடுக்கப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கே. உன் சிநேகிதி, அந்த நெட்டைப் பொண்ணு, ஒட்டகச்சிவிங்கின்னு கூப்பிடுவியே, அவளும் அன்னைக்கு அதே கயிறுல உன்கூடக் கட்டிக்கிட்டு ஏறப் போறா. அவளைப் பெத்தவங்களும் எங்கேயோ இருக்காங்க, அவங்க எனக்கு என்ன பாவம் பண்ணினாங்க. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. போகாதேன்னு நான் இந்தக் கடிதத்துல எழுதலை, கவனிச்சுக்கோ. போ. ஏறு. உன் இஷ்டம். வேற கயிறுல ஏறு.

நீ நம்பணும்னா ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு, அதையும் சொல்லிடறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. டிரையர் கெட்டதுக்காக உன் கயிறை எடுத்தேன்னு மேலே எழுதினேன். கடையில சாதாரணக் கொடிக்கயிறு ரெண்டு கட்டு பிரிக்காமக் கிடந்தது. ரெண்டாவது தடவை உனக்கு மருந்து ஏத்தியும் கேட்கலைன்னு அதே பெரிய டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார், இது நிஜமாவே கூப்பிட்டது, அவர்கிட்ட கேட்டுக்கோ, சொந்தக்காரங்க யாராவது வந்து பார்க்கணும்னா வரச் சொல்லுங்கன்னார். அன்னைக்கு சாயந்திரம்தான் நான் வீட்டுக்கு வந்து உன் பையைத் திறந்தேன். இனிமே இது அவளுக்கு எதுக்குன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். அம்மா அங்க பெஞ்சுல உட்கார்ந்து நீ பிழைச்சுடுவேன்னு சொல்லிக்கிட்டிருந்தா. நான் இங்க உன்னை முடிச்சுட்டு மாடியில விரிப்பு காயப்போட்டேன். பொண்ணை மலையேறவிடாம தடுக்க ஒரு அப்பன் என்ன வேணா புளுகுவான் பாப்பா, இதைப் புளுக மாட்டான்.

கடிதம் கிடைச்ச அன்னைக்கே கயிறை வெட்டிடு, முழுசா தூக்கிப் போடாதே. வெட்டிட்டேன்னு அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லு, என்கிட்டப் பேச வேண்டாம். எங்க காலம் முடிஞ்சும் நீ ரொம்ப வருஷம் நல்லா இருக்கணும், அதுக்கு மேல கேட்க எனக்கு வாயில்லை.

உன்னைப் பெத்த,
அப்பா