வெள்ளச் சங்குக்குரிய எண்ணைத் திரும்பத் தரக் கோரி

அனுப்புநர்:
வெள்ளச் சங்குப் பராமரிப்பாளர்,
ஆற்று நீர்மட்ட அளவு நிலையம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
இணைய எண்கள் பதிவேட்டு அலுவலகம்.

பொருள்: உபயோகத்தில் இல்லை எனத் தவறாகக் குறித்து வேறு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட போர்ட் எண் – மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன், ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து கரையோர ஊர்களின் அபாயச் சங்குகளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைச் செய்தார். அச்செய்தி பிற செய்திகளோடு கலந்துவிடாதிருக்கத் தங்கள் அலுவலகம் இணையத்தில் தனி வாசல் போல ஒரு போர்ட் எண்ணை ஒதுக்கியது. பதிவேட்டில் தொடர்புக்கு அவர் பெயர் மட்டுமே உள்ளது. சங்குக் கம்பத்தில் ஏறுவது அவர், ஏணியைப் பிடிப்பது நான். நிலையத்தில் வேறு ஆள் கிடையாது.

2. சென்ற ஆண்டு அண்ணன் மாரடைப்பில் காலமானார். எண் உபயோகத்தில் உள்ளதா என்று தாங்கள் அவரது மின்னஞ்சலுக்கு மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. பதில் வராததால் எண் ரத்தாகி, மின் மீட்டர் நிறுவனம் ஒன்றுக்குப் போயிற்று.

3. சென்ற செவ்வாயன்று நண்பகலில், சொட்டு மழைகூட இல்லாதபோது, அதே எண்ணில் வந்த புதிய மீட்டர்களின் செய்தியை வெள்ளமென்று எடுத்துக்கொண்டு ஆறு ஊர்ச் சங்குகளும் ஊதின. ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பிள்ளை பெற்று எட்டு நாளான பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். வியாழனன்று மறுபடியும் ஊதின. ஒருவரும் நகரவில்லை. படகோட்டி ஒருவர் நிலையத்துக்கே வந்து, "உங்கண்ணன் இருந்த வரைக்கும் சங்கு பொய் சொன்னதில்லம்மா" என்றார்.

4. தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, "பதிவு செஞ்சவரே வந்து கேக்கணும்மா, விதி அப்படி" என்றார் எழுத்தர். அவர்மேல் குறையில்லை. வரக்கூடியவர் என்றால் அண்ணனை நானே முதலில் கூப்பிட்டிருப்பேன்.

5. ஆகவே அந்த எண்ணை மீட்டுத் தந்து, தொடர்பு நபராக என்னைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். இயலாதெனில் புதிய எண் ஒன்றையாவது உடனே ஒதுக்குங்கள். சங்குகளை ஒவ்வொன்றாக நானே ஏறி மாற்றிக்கொள்கிறேன். இறப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன்.

மழைக்காலத்துக்கு மூன்று வாரமே உள்ளது. சங்குகளைத் துண்டித்துவிட்டேன். இரண்டு மணிக்கொரு முறை படியிறங்கி, அளவுகோலைக் கண்ணால் பார்த்து, ஆறு ஊர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவருகிறேன். "சரிம்மா" என்று வைத்துவிடுகிறார்கள். என்னோடு பேசுகிறவர்கள் இப்போது அவர்கள் மட்டுமே. ஒற்றை ஆளாக இப்படி எத்தனை நாள் விழித்திருக்க முடியும் என்று தெரியவில்லை. நான் கண்ணயர்வதற்குள் உத்தரவிடுங்கள், ஐயா.

இடம்: அளவு நிலையம்
நாள்: 11.09

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பதிவு செய்தவரின் தங்கை