வள்ளத்தில் இரண்டு பேர்

குளத்தூர்
12-6-1994

அன்புள்ள அத்தானுக்கு,

விஜயம் எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் சுகம். எடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது. ஆறு சிவந்து, படித்துறையின் மூன்று படிகளை முழுங்கிவிட்டது. அங்கே சென்னையில் நீங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பதாகக் கேள்வி. ஊரை விட்டுப் போனதற்கு நல்ல தண்டனை.

உங்கள் 'கடைசிக் கடத்து' மூன்று பிரதிகளும் வந்து சேர்ந்தன. வள்ளத்தில் ஆட்களை ஆறு கடத்திவிடுகிறவனின் கதை, உங்கள் இருபதாவது நாவல் அல்லவா? வாசகசாலையில் இதற்கு இருக்கும் பிடிவலி, போட்டி வேறு எதற்கும் இருந்ததில்லை. நீங்கள் செயலாளராக இருந்தபோது போட்ட சட்டத்தை நான் இன்னும் விடவில்லை. கடைசியில் ஒட்டிய வெள்ளைத்தாளில் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதி, அங்கத்தினர் எண் போடாதவர்களுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. அதனால் தாள் நிறைந்துவிட்டது. வழக்கம்போல உங்களுக்குப் பார்த்து எழுதுகிறேன்.

நர்ஸிங் படிக்கும் ஆதிரா, படித்து முடித்து மூன்று நாள் தனியாகக் கிணற்றடிக்குப் போகவில்லையாம். ராபின்சன் வாத்தியார், 'நடை நன்று. இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரிந்திருப்பது அலுப்பு' என்கிறார். ஒரு மகான் முப்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிவிட்டு, அதே புத்தகத்தை மறுபடியும் இரண்டு முறை எடுத்துப் போயிருக்கிறார். தையல்கார அம்மிணி எழுதியது என்னவோ செய்தது: 'ஆற்றில் சாகிற அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு வரிகூடக் கொடுக்கவில்லையே.'

அமரவிளை செக்போஸ்டில் இருபது வருஷம் சரக்கு எண்ணி ஓய்வு பெற்ற எலியா அண்ணனைத் தெரியும்தானே? அவர் கதை படிப்பதில்லை, சரிபார்க்கிறார். எழுதியது இது: 'ஒன்பதாம் பக்கத்தில், கடத்துக்காரன் வள்ளம் தள்ளுமுன் தலை எண்ணுவான், தன்னைச் சேர்த்து எண்ணமாட்டான் என்கிறார். எழுபத்தொன்றில் போலீஸிடம் அவன் இரண்டு பேர் என்கிறான். அவனும் பெண்ணும் மட்டும் என்று இன்ஸ்பெக்டர் அவனைக் கொலைகாரனாக்குகிறார். ஆசிரியர் சொன்னபடியே பார்த்தால் பெண்ணைத் தவிர இன்னொருவன் எங்கே? பிழை.' இதற்குப் பதில் சொல்லாவிட்டால் மனிதர் என்னை விடமாட்டார்.

படிக்கும்போது எனக்குப் பிரேமா நினைவு வந்தது. வராமல் இருக்குமா? அதே கடவுத்துறை, அதே வள்ளம். தங்கச்சி ஆற்றில் போய் இருபத்துமூன்று வருஷம் ஆகப்போகிறது. உங்கள்மேல் கோபமில்லை அத்தான். நீங்களும் அவளோடு வளர்ந்தவர்தானே.

அன்புடன்,
விஜயம்

*

சென்னை
21-6-1994

என் பிரியமான விஜயத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இந்த ஊரில் பத்திரிகைகள் என்னைப் பற்றி எழுதுவது வேறு, நம் வெள்ளைத்தாள் வேறு. ஆதிராவைப் பகலில் படிக்கச் சொல். முப்பதாம் பக்கத்து மகானுக்கு என் நமஸ்காரம். இரண்டு முறை திரும்ப எடுத்தாரே, அதுதான் உண்மையான அபிப்பிராயம்.

எலியா அண்ணனிடம் அச்சுப்பிழை என்று சொல்லிவிடு. மாத நாவலை மூன்று நாளில் எழுதித் தருகிற பிழைப்பு இது. ஒன்பதாம் பக்கத்தை எழுதியவனுக்கு எழுபத்தொன்றை எழுதும்போது நினைவு இருக்காது.

பிரேமாவைப் பற்றி எழுதியிருந்தாய். கதைக்கு ஒரு ஆறு வேண்டியிருந்தது, எனக்குத் தெரிந்த ஆறு அது ஒன்றுதான். மனதில் வைக்காதே. மழையில் நனையாதே, உனக்கு மூச்சு இழுக்கும்.

உன்,
நெல்லையப்பன்

*

குளத்தூர்
10-7-1994

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு சங்கடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உங்கள் கதை கதையாக நிற்கவில்லை. எழுதியவர் இந்த ஊர்க்காரர், அவருக்குத் தெரியாமலா என்று பேசிக்கொள்கிறார்கள். நம் கடத்துக்காரர் பொன்னுதாஸ் அண்ணனின் வள்ளத்தில் பெண்பிள்ளைகள் ஏறுவதில்லை. அக்கரைத் திருப்புறத்தில் டியூஷனுக்குப் போகிறவர்கள் பாலம் வழியாக ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். போன வாரம் யாரோ வள்ளத்தின் பலகையில் கரியால் 'பக்கம் 71' என்று எழுதி வைத்திருந்தார்களாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி பஞ்சாயத்தில் மனு போயிருக்கிறது.

பிரேமா போன சமயம், வள்ளம் அவருடையது என்று போலீஸ் அவரை ஒன்பது நாள் வைத்து அடித்தும் ஒன்றும் கிடைக்காமல் விட்டது. ஊர் மறக்கப் பத்து வருஷம் ஆயிற்று. இப்போது அறுபத்தைந்து வயதில் மறுபடியும்.

வாசகசாலை முகவரிக்கு நாலு வரி எழுதுங்கள். இது கற்பனை, பொன்னுதாஸ் குற்றமற்றவர் என்று. நான் சுவரில் ஒட்டுகிறேன். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எலியா அண்ணன் அச்சுப்பிழை என்பதை ஏற்கவில்லை. மூன்று பிரதியிலும் சரிபார்த்துவிட்டாராம்.

அன்புடன்,
விஜயம்

*

சென்னை
25-7-1994

அன்புள்ள விஜயம்,

ஒரு நாவலாசிரியன் தன் கதை பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? பதிப்பகத்தார் என்னைக் கொன்றுவிடுவார்கள். ஊர் வாய் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

ஒரு காரியம் செய். மூன்று பிரதியிலும் அந்த வெள்ளைத்தாளைக் கிழித்துவிடு. எலியாவிடம் கறையான் அரித்தது என்று சொல். கடவுப் பக்கம் போகாதே. பழையதைக் கிளறுவதில் உனக்கோ எனக்கோ என்ன கிடைக்கப்போகிறது?

நெல்லையப்பன்

*

குளத்தூர்
16-8-1994

அத்தானுக்கு,

தாளைக் கிழிக்கவில்லை. நீங்களே போட்ட சட்டம், நீங்களே கிழிக்கச் சொன்னீர்கள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கடவுக்குப் போனேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. நம் வீட்டுப் பெண்கள் ஆற்றில் வள்ளம் ஏறுவதில்லை என்பது அப்பாவின் கட்டளை, பிரேமா ஒருத்திதான் மீறினாள். பொன்னுதாஸ் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திருப்புறம் போகணும் என்றேன். பலகையைத் துடைத்துக் கொடுத்தார். வேறு யாரும் இல்லை. நான் ஒருத்தி, அவர் ஒருத்தர்.

கழுக்கோலை ஊன்றினார். என் பக்கம் விரலை நீட்டி, 'ஒண்ணு' என்று உரக்கச் சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளினார்.

எனக்கு உங்கள் ஒன்பதாம் பக்கம் நினைவு வந்தது.  பாதி ஆறு போனதும், உங்களை ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். தண்ணீருக்குக் கணக்குச் சொல்லும்போது கடத்துக்காரன் தன்னைச் சேர்க்கக்கூடாதாம். சேர்த்தால் தண்ணீர் ஒரு நாள் அவனைக் கேட்குமாம். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம்.

போலீஸ் எழுதிய வாக்குமூலத்தை அப்பா எங்களுக்கு வாசித்துக் காட்டியது எனக்கு மறக்கவில்லை. 'வள்ளத்தில் இரண்டு பேர்.' அவரும் அவளும் என்றுதான் திருவனந்தபுரத்திலிருந்து வந்த அதிகாரி எடுத்தார். அப்பாவும் அப்படித்தான் எடுத்தார், நானும் அப்படித்தான் எடுத்தேன். அதைத்தான் கேட்டேன். அன்றைக்கு இரண்டு என்று சொன்னீர்களே, அண்ணா.

அவர் துழாவுவதை நிறுத்திவிட்டார். 'எத்தன பேருண்ணு கேட்டாவ, சொன்னேன். ஆருண்ணு ஒருத்தரும் கேக்கல்ல மக்கா.'

அடி வாங்கும்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். 'ஒரு ஆம்பிளைகூட ஏறிச்சுண்ணு நான் சொன்னா, செத்த பிள்ளைக்க பேரு சந்தையில கிடந்து நாறும். என் அடி என்னோட போவும்.' அது யார் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை. மூன்று தடவை முங்கி அவளைத் தேடியதாக மட்டும் சொன்னார். இறங்கும்போது ஒன்றைச் சொன்னார். 'நீந்தத் தெரிஞ்ச ஆளாக்கும்.'

கடத்துக்காரன் தன்னை எண்ணமாட்டான் என்பது தினமும் வள்ளம் ஏறியவருக்குத்தான் தெரியும். நெய்யாற்றின்கரைக்கு இரண்டு வருஷம் தினமும் அந்த வள்ளத்தில் படிக்கப் போனது நீங்கள். நம் இருவருக்கும் தை மாசத்தில் நாள் குறித்திருந்த வருஷம் அது. அவள் போன பதினெட்டாம் நாள் நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறினீர்கள். துக்கம் என்று நினைத்து உங்களுக்காகவும் அழுதேன்.

அத்தான், அன்று சாயங்காலம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

விஜயம்

*

சென்னை
2-10-1994

விஜயம்,

ஆறு வாரமாக எழுதிக் கிழிக்கிறேன்.

வள்ளத்தில் இருந்தேன். மறுநாள் காலை பதிவாபீஸில் கல்யாணக் கையெழுத்துப் போட, நானும் பிரேமாவும் அன்றே கிளம்பினோம். அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தைந்து. உன்னிடம் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமில்லை. நடு ஆற்றில் அவள் மனது மாறிவிட்டது. 'திரும்பிப் போவோம், அக்காகிட்ட நானே சொல்லுதேன்' என்று எழுந்து நின்றாள். உட்கார் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வள்ளம் சரிந்தது.

தண்ணீருக்குள் அவள் என் சட்டையைப் பிடித்தாள். நான் உதறினேன். யோசித்துச் செய்ததில்லை. ஆனால் செய்தது நான். கரையேறி ஒரு தடவை கூப்பிட்டேன், பிறகு ஓடிவிட்டேன். இன்றுவரை சட்டை போடும்போதெல்லாம் முதுகில் அந்தக் கை இருக்கிறது. வீட்டில் சட்டையே போடாமல் வெறும் உடம்போடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் மனைவி, நான் சூடு தாங்காதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதித் தள்ளிவிட்டால் போய்விடும் என்று பார்த்தேன். ஊர் சொன்னதையே நானும் எழுதினேன், வள்ளக்காரன் என்று. ஒன்பதாம் பக்கம் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதினதாக நினைவே இல்லை.

வருகிறேன். துலாம் மாதம் ஐந்தாம் தேதி, அவள் போன நாளில், மாலை ஐந்து மணிக்குத் திருப்புறம் கரைக்கு வருகிறேன். பொன்னுதாஸை வரச் சொல். அந்த வள்ளத்திலேயே ஏறி இக்கரைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

நெல்லையப்பன்

*

குளத்தூர்
30-10-1994

திரு. நெல்லையப்பன் அவர்களுக்கு,

துலாம் ஐந்து, சனிக்கிழமை, நாலரைக்கே கடவில் இருந்தேன். நீங்கள் வருகிறீர்கள் என்று சொல்லியிருந்ததால் எலியா அண்ணனும் வாத்தியாரும் அம்மிணியும் இன்னும் பத்திருபது பேரும் வந்திருந்தார்கள். துலா மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஐந்து மணிக்கு அக்கரையிலிருந்து ஒரு விளி வந்தது. 'கூய்' என்று ஒரே ஒரு தடவை. தென்னைகளுக்கு இடையே வெள்ளைச் சட்டை ஒன்று நின்றதை நானும் பார்த்தேன். பொன்னுதாஸ் அண்ணன் உடனே வள்ளத்தைத் தள்ளினார். நடு ஆற்றைத் தாண்டும்போது பார்த்தால் சட்டையைக் காணவில்லை.

அக்கரையில் அரை மணிக்கூர் நின்று பார்த்துவிட்டு வெறும் வள்ளத்தோடு திரும்பி வந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். 'அதே விளியாக்கும் மக்கா. அண்ணைக்கும் கரையேறி இப்படி ஒரு தடவதான் விளிச்சாரு.'  மற்றவர்கள் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை அவரிடம் போய் அனுமதி கேட்டேன். அவர் இருபத்துமூன்று வருஷம் அடியும் பழியும் வாங்கிக் காத்தது என் தங்கச்சியின் பெயரை. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மட்டும் உரிமை இல்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் ஒருத்தனை நம்பி வள்ளம் ஏறினாள், அதில் எனக்கு நாணக்கேடு இல்லை அண்ணா என்றேன்.  கடைசியில், உன் இஷ்டம் என்றார்.

மூன்று பிரதிகளிலும் புது வெள்ளைத்தாள் ஒட்டி, என் அபிப்பிராயத்தை எழுதினேன். உங்களுக்கு எல்லோருடையதையும் பார்த்து எழுதி அனுப்பிய பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன்.

'இந்தக் கதையின் வள்ளத்தில் கடத்துக்காரனைச் சேர்க்காமல் இரண்டு பேர். ஒருத்தி என் தங்கை பிரேமகுமாரி. மற்றவர் இந்தப் புத்தகத்தை எழுதியவர். கடத்துக்காரர் மூன்று தடவை முங்கித் தேடினார். எழுதியவர் நீந்திப் போய்விட்டார். அம்மிணி கேட்ட வரி இது: திரும்பிப் போவோம், அக்காகிட்ட நானே சொல்லுதேன்.'

உங்கள் சட்டப்படி கீழே எண்ணும் போட்டிருக்கிறேன். அந்தக் கடைசி வரியைக் கொடுத்ததற்கு மட்டும் உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் என்னிடம் சொல்லவே திரும்பினாள் என்று தெரியாமலே நான் செத்திருப்பேன்.

இனி புத்தகம் அனுப்ப வேண்டாம். மூன்று பிரதிகளும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பஞ்சாயத்தில் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆதிராவும் இரண்டு தோழிகளும் வள்ளத்தில் போனார்கள். 'மூணு' என்று அண்ணன் எண்ணியது இந்தக் கரையில் எனக்குக் கேட்டது.

முதலில் எடுத்துப் போனவர் எலியா அண்ணன்தான். ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் அபிப்பிராயத்துக்குக் கீழே அவர் எழுதியிருப்பது ஒரே வரி. 'கணக்கு இப்போது சரி.'

விஜயம்மா
அங்கத்தினர் எண் 41